ஜப்பான் சாரின் சாப்பாட்டுப் பேச்சு

திருச்சித் தென்னூரில் வந்து அருள்நாதன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். 'ஜப்பான் சார் வீடு' என்று கேட்டால் சைக்கிள் கடைக்காரர்கூடக் கடையை அப்படியே போட்டுவிட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார். அருள்நாதன் என் வீட்டுக்காரர். அந்தப் பட்டப்பெயரைக் கேட்டால் முன்பெல்லாம் எனக்கு உச்சி குளிரும். இப்போது காது கூசுகிறது.

அவருக்கு விவசாய இலாகாவில் வேலை. ஜப்பான் முறை நெல் சாகுபடி என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கயிறு பிடித்து வரிசையாக நாற்று நடு, களை எடு, தழையுரம் போடு என்று வரப்பு வரப்பாக நடந்து சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியிருக்க, ஐம்பத்தைந்தாம் வருஷம், ஜப்பானுக்கே போய்ப் பார்த்துவிட்டு வரச்சொல்லி அவரைப் பொறுக்கி எடுத்தார்கள். நடவைப் பார்க்கப் போகிறவருக்கு உத்தரவு சித்திரையில் வர வேண்டாமா? அது எந்த மேஜையில் குறட்டை விட்டுத் தூங்கியதோ, கைக்கு வந்தபோது தீபாவளி முடிந்துவிட்டது. மனிதர் கப்பலேறி, ரயிலேறி, நாகானோ என்கிற மலைச் சீமையில் ஒரு சின்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வயலும் இல்லை, வரப்பும் இல்லை. எல்லாவற்றையும் பனி மூடிக்கொண்டிருந்தது.

அங்கே மருயாமா என்ற விவசாயியின் வீட்டில் அவரைத் தங்கவைத்தார்கள். உப்புத் தண்ணீரில் விதை நெல்லைப் போட்டுப் பதர் பிரிப்பது, வைக்கோலில் கயிறு திரிப்பது என்று வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிற வேலையைத்தான் கற்றுக்கொடுக்க முடிந்தது. மாசி மாதம் திரும்பி வந்து ஜங்ஷனில் இறங்கினார். பார்த்ததும் பகீரென்றது எனக்கு.

"என்னங்க இது, துரும்பா இளைச்சிட்டீங்க?"

"குளிரு மேரி. அந்தக் குளிர்ல யாரா இருந்தாலும் இளைச்சுத்தான் போவாங்க."

"சாப்பாடு சரியில்லையோ?"

"சாப்பாட்டுக்கு என்ன? ராஜ சாப்பாடு. அந்தம்மா தினம் ஒரு தினுசா செஞ்சு போட்டாங்க."

நான் ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறையப் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் எல்லாம் கட்டிக் கொடுத்திருந்தேன். அந்த டின் கழுவித் துடைத்தமாதிரி திரும்பி வந்திருந்தது. கேட்டதற்கு, "கப்பல்ல நம்ம ஊர்க்காரங்க கேட்டாங்க, கொடுத்துட்டேன்" என்றார். ராத்திரி பகல் பார்க்காமல் இடித்துக் கொடுத்ததை ஊருக்குத் தானம் பண்ணிவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் போன இடத்தில் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டிருக்கிறாரே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

முதல் பேச்சு எங்கள் மாதா கோவில் ஹாலில். விதை நேர்த்தியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். பாதிப் பேருக்குக் கண் செருகிவிட்டது. அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ, "அதெல்லாம் இருக்கட்டும் சார், அங்க என்ன சாப்பிடுவாங்க?" என்று குரல் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் தண்ணீரைக் குடித்தார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள், தூங்கினவன் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஜப்பான்ல மலை ஊருக்குப் போனீங்கன்னா முதல்ல ஓயாகி கேட்டு வாங்கிச் சாப்பிடணும். நம்ம கொழுக்கட்டை மாதிரின்னு வச்சுக்குங்க. மாவுக்குள்ள கீரைப் பூரணம். வேகவைக்கிறது எங்கே? கூடத்து நடுவுல இருக்கிற அடுப்புச் சாம்பல்ல! சாம்பலைத் தட்டித் தட்டி ஊதிக் கையில கொடுப்பாங்க. அப்புறம் சோபா. கறுப்பு இடியாப்பம், நீளமா நூல் நூலா இருக்கும். அதைச் சத்தமா உறிஞ்சணும். சத்தம் வரலைன்னா வீட்டுக்காரம்மா கோவிச்சுக்குவாங்க!"

கூட்டம் சிரித்தது. அவர் உறிஞ்சியே காட்டினார். பனிக்கு முன்னால் உப்பில் போட்டு வைக்கிற நொசாவானா என்ற கீரை ஊறுகாய். அடுப்பைச் சுற்றிக் குச்சியில் குத்தி நிறுத்திச் சுடுகிற ஆற்று மீன். சோயா மொச்சையில் பால் எடுத்து, கட்டியாக்கி, ராத்திரிப் பனியில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு உலர்த்துகிற வில்லைகள். நெல் வயலில் பிடித்து, இனிப்பும் உப்புமாக வறுத்து வைக்கிற வெட்டுக்கிளி. எல்லாவற்றுக்கும் மேலே ஹோஷிகாகி. ஒருவகைப் பழத்தைத் தோல் சீவி, கூரை ஓரத்தில் மாலை மாலையாகக் கட்டிக் காயவிடுவார்களாம். "அதுதாங்க தேவாமிர்தம்! தினம் ரெண்டு சாப்பிடுவேன்" என்று முடிப்பார்.

அவ்வளவுதான், நெல் சாகுபடி எங்கேயோ போய்விட்டது. இலாகா நெல்லைப் பற்றிப் பேசத்தான் அனுப்பும். ஆனால் ஜனங்கள் அவரைச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசவைப்பார்கள். ரேடியோவில்கூட ஒரு தடவை பேசினார். தண்ணீர் கண்ணில் படாத மருங்காபுரியிலிருந்துகூட ஆள் வந்து கூப்பிட்டார்கள். அங்கே ஒரு விவசாயி எழுந்து, "இங்க வெட்டுக்கிளி நம்ம வெள்ளாமையைத் திங்குது. அங்க அவங்க வெட்டுக்கிளியையே தின்னுபுடறாங்களா? கெட்டிக்காரப் பயலுக!" என்றாராம். ஸ்ரீரங்கத்துக்குப் போனால் மட்டும் மீனையும் வெட்டுக்கிளியையும் விட்டுவிட்டு, கீரையும் பழமுமாகச் சுத்த சைவமாக ஒரு பேச்சு வைத்திருந்தார்.

எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள். வகுப்பில் பாடம் பாதி, ஓயாகி பாதி. பக்கத்து வீட்டு லூர்துராணி ஒரு நாள் அவள் தம்பி சிங்கப்பூரில் என்னவோ நண்டு தின்றதைப் பற்றி அளந்துகொண்டிருந்தாள். "ஏம்மா, எங்க வீட்டுக்காரர் வெட்டுக்கிளியே சாப்பிட்டவரு. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சாப்பாட்டை மூஞ்சி சுளிக்காம சாப்பிடறவன்தான் மனுஷன்" என்று வாயை அடைத்தேன். அந்த வாய்க்கொழுப்பை இப்போது நினைத்தாலும் தரைக்குள் புதைந்துவிடலாம்போல இருக்கிறது.

ஒன்றை மட்டும் நான் கவனித்திருக்க வேண்டும். எப்படிச் செய்வார்கள், எப்படிப் பிட்டுத் தின்பார்கள், எப்படிச் சத்தம் வரும் என்றெல்லாம் மணிக்கணக்காகச் சொல்வார். என்ன ருசி என்று யாராவது கேட்டால் மட்டும், "அது சாப்பிட்டாத்தாங்க தெரியும்" என்று சிரித்துவிடுவார். நான் அதையும் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐம்பத்தெட்டில் மாசி மாதம் ஒரு செய்தி வந்தது. மருயாமா இந்தியாவுக்கு வருகிறார். அவர்கள் ஊர் விவசாயச் சங்கத்தின் சார்பில் நம் வயல்களைப் பார்க்க வருகிறவர், திருச்சியிலும் ஒரு நாள் இருப்பார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம வீட்லதான் சாப்பிடணும், சொல்லிட்டேன்" என்றேன். என் வீட்டுக்காரர் மட்டும், "அவருக்கு இதெல்லாம் ஒத்துக்குமோ என்னவோ, ஓட்டல்லயே..." என்று இழுத்தார்.

"ஏங்க, ரெண்டு மாசம் அவங்க வீட்டு உப்பைத் தின்னுட்டு ஒரு வேளைச் சோறு போடாம அனுப்புவீங்களா? மானம் போயிடும்!" என்றேன். 

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் வரவேற்புக் கூட்டம். மருயாமா ஒல்லியான மனிதர். ஐம்பது வயது இருக்கும். கறுப்புக் கோட்டு, கழுத்துவரை பொத்தான். மடியில் நீலத் துணியில் முடிச்சுப் போட்ட ஒரு பெட்டி. அதை யாரிடமும் கொடுக்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். போருக்குப் பிறகு கற்றுக்கொண்டது என்றார். மேடையில் பேசுவதை அவருக்கு மெதுவாக இங்கிலீஷில் சொல்ல என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

என் வீட்டுக்காரர் அன்று நெல்லைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்காரத்தான் பார்த்தார். கூட்டம் விட்டால்தானே! "அந்தச் சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லணும்!" என்று சத்தம். தலைமை வகித்த சௌம்யநாராயண ஐயங்கார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவரும், "ஸ்வாமி, அதையும் சாதிக்கணும். அதைக் கேட்கத்தான் பாதிப் பேர் எழுந்தருளியிருக்கா" என்றார். சாதிப்பது என்றால் அவர்கள் பேச்சில் சொல்வது. வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரர் மறுபடியும் மைக்கைப் பிடித்தார். மருயாமா பக்கம் திரும்பவே இல்லை.

மருயாமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஓயாகி என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"ஓயாகியைப் பற்றி என்ன சொல்கிறார்?" என்று என்னிடம் கேட்டார்.

"உங்கள் மனைவி சாம்பலிலிருந்து எடுத்துக் கொடுத்த ஓயாகியைப்போல ஒன்றை உலகத்தில் எங்கும் சாப்பிட்டதில்லை என்கிறார்" என்றேன்.

அவர் தலை குனிந்தார். அடுத்தது சோபா. அதையும் சொன்னேன். இன்னும் குனிந்தார். நொசாவானா வந்தது. நான் என் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்த்தே சொன்னேன். அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை பாவம், மனைவி கையால் சமைத்ததை வேற்று நாட்டு மேடையில் புகழ்ந்தால் யாருக்குத்தான் நெஞ்சு நிறையாது என்று நினைத்தேன். ஹோஷிகாகி என்று சொன்னபோதுதான் முகத்தை நிமிர்த்திச் சிரித்தார். மடியிலிருந்த பெட்டியை இரண்டு கையாலும் தட்டிக் கொடுத்தார்.

"அந்தத் தேசத்திலே வெங்காயம், பூண்டு சேர்த்துப்பாளோ?" என்று ஒருவர் கேட்டு, அதற்குப் பதில் சொல்லி, கைதட்டல் எல்லாம் ஆனது. ஐயங்கார் நன்றி சொல்லும்போது, "கண்டதைக் கண்டபடி, உண்டதை உண்டபடி சாதித்தார்" என்று முடித்தார். என் வீட்டுக்காரர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெயில்தான் என்று நினைத்தேன்.

இலாகா ஜீப்பில் காவிரிப் பாலத்தைத் தாண்டித் தென்னூருக்கு வந்தோம். வெள்ளிக்கிழமை, அதிலும் ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலம். எங்கள் வீட்டில் கறி கிடையாது. அதனால் காவிரிக் கெண்டையில் குழம்பு, முருங்கைக்காய் சாம்பார், வாழைப்பூப் பொரியல், ரசம், மோர் மிளகாய் என்று அசத்தியிருந்தேன். இரண்டு பேருக்கும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டேன். மருயாமா மண்டி போட்டு அழகாக உட்கார்ந்தார். இலைக்கு முன்னால் கை கூப்பினார். நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடையாக நடந்து பரிமாறினேன். என் வீட்டுக்காரர் ஒரே மூச்சாகப் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் பாசனம், மேட்டூர் அணை, மணிலாக் கொட்டை விலை. வாயை மூடினால் வேறு யாராவது பேசிவிடுவார்களோ என்று பயந்தவர்போல அப்படி ஒரு பேச்சு.

மருயாமாவுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. மூக்கு நுனி சிவந்துபோனது. விக்கினார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம்?" என்றால் இலையைக் காட்டினார். "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். கடைசியில் என் வீட்டுக்காரர் இலையைத் தன் பக்கமாக மடிப்பதைப் பார்த்து அவரும் அப்படியே மடித்தார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. லூர்துராணி பார்க்கவில்லையே என்றுதான் குறை.

கை கழுவி வந்து கூடத்தில் உட்கார்ந்தோம். இலைகளை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நானும் உட்கார்ந்தேன். மருயாமா நீலத் துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மெல்லிய மரப்பெட்டி. அதைத் திறக்காமல் என் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நெற்றி பாயில் படுகிறமாதிரிக் குனிந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, என்ன இது! எழுந்திருங்கள்!" என்று பதறினேன்.

"என் மனைவி உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள்" என்றார். "உங்கள் கணவர் எங்கள் வீட்டில் பசியோடு இருந்தார். எங்களுக்குத் தெரியவில்லை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

மருயாமா நிதானமாக, சொல் தேடித் தேடிச் சொன்னார். "விருந்தாளி என்று மரியாதைக்கு உங்கள் கணவருக்குத் தனி அறையில் தட்டு வைத்தோம். தட்டு எப்போதும் காலியாகத்தான் திரும்பி வந்தது. என் மனைவிக்கு ரொம்ப சந்தோஷம். தினம் புதிதாக ஏதாவது செய்தாள். உங்கள் கணவர் ஊருக்குக் கிளம்பிப் போனார். சித்திரையில் பனி உருகியது. தானியக் கொட்டகைக்குப் பின்னால் என் மனைவி போனாள். அங்கே ஓயாகி இருந்தது. மீன் இருந்தது. ஊறுகாய், வெட்டுக்கிளி, எல்லாம் இருந்தது. பனி எதையும் தின்னாது. அப்படியே வைத்திருக்கும்."

கடவுளே! திருச்சிக்காரன் செய்கிற வேலையா இது? திருச்சிக்காரன்தான் செய்வான். இங்கே கொல்லையில் எதைப் புதைத்தாலும் மூன்றே நாளில் மண்ணோடு மண். ஆயுசில் பனியைக் கண்ணால் பார்த்திராத மனிதர், அதையும் மண் என்று நினைத்துப் புதைத்திருக்கிறார். அந்தப் பிஸ்கட் டின் எப்படிக் காலியானது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கப்பலாவது, ஊர்க்காரனாவது!

"அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்" என்றார் மருயாமா. "முதலில் தன் சமையலை நினைத்து அழுதாள். அப்புறம், வாசனையே பிடிக்காத சாப்பாட்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தனியாக எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார், அவர் மனைவிக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள் என்று அழுதாள். நான் கிளம்பும்போது, முதலில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றாள்."

பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி இன்னொரு தடவை குனிந்தார். "இன்று காலையில் அத்தனை பேர் முன்னால் என் மனைவியின் சமையலைப் புகழ்ந்தீர்கள். அவள் பெயரைக் காப்பாற்றினீர்கள். உங்கள் நல்ல மனசை அவளிடம் சொல்வேன்."

ஸ்ரீரங்கத்தில் ஒவ்வொரு பலகாரத்தின் பெயருக்கும் அவர் தலை குனிந்தது எனக்கு நினைவு வந்தது. ஒவ்வொன்றையும் அவர் பனியில் பார்த்திருக்கிறார். நான் என்னடாவென்றால் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு வார்த்தை கூட்டிச் சேர்த்து அவர் காதில் ஓதியிருக்கிறேன். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மருயாமா பெட்டியைத் திறந்தார். தட்டையாக, பழுப்பாக, மேலே வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்த பழங்கள் அடுக்கியிருந்தன.

"ஹோஷிகாகி" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "பனியில் எல்லாம் கிடைத்தது. இது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இது ஒன்றையாவது அவர் சாப்பிட்டிருக்கிறார் என்று என் மனைவிக்கு அவ்வளவு ஆறுதல். அதனால் இந்த வருஷம் உங்களுக்கென்றே கட்டினாள். சாப்பிடுங்கள். நீங்கள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொன்னாள்."

என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்தார்.  அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். மென்றார். சட்டென்று கண்ணைத் திறந்தார். கல்யாணமாகிப் பத்து வருஷமாக அவர் முகத்தைப் பார்க்கிறவள் நான். இந்தப் பழம் அந்த வாய்க்குள் போவது இதுதான் முதல் தடவை என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

"மேரி" என்றார் தமிழில், மெதுவாக. "இது இனிக்குது."

"அப்போ இதையும் சாப்பிடலையா நீங்க?"

"மேல வெள்ளையா இருந்துச்சா... பூஞ்சணம்னு நெனச்சிட்டேன். பூஞ்சணம் புடிச்சதை மண்ணுல போடக்கூடாதுன்னு நாமதானே ஊருக்கெல்லாம் சொல்றோம். அதான் கொட்டகைக்குப் பின்னால போடாம, ஓடைத் தண்ணியில விட்டுட்டேன்."

அடப்பாவி மனுஷா! அத்தனை அவமானத்திலும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அந்தப் பெண்பிள்ளை அந்த ஒரு பழத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் ஆறுதலாக இருந்திருக்கிறாளே!

"என்ன சொல்கிறார்?" என்று மருயாமா ஆவலாகக் கேட்டார்.

காலை முழுக்க நான்தான் என் வீட்டுக்காரருக்கு வாய். 'இனிக்கிறது என்கிறார்' என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். பொய்யும் இல்லை. ஜப்பான் சார் ஜப்பான் சாராகவே இருந்திருப்பார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் காலையில் நான் ஓதியதெல்லாம் போதாதா?

"நீங்களே சொல்லுங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம். "இனிமே உங்க பேச்சை நான் யாருக்கும் எடுத்துச் சொல்ல மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். அப்புறம் இங்கிலீஷில், தலையைத் தூக்காமல், எல்லாவற்றையும் சொன்னார். பூஞ்சணம் என்று நினைத்ததை, ஓடையில் போட்டதை, ஒரு நாளும் வாயில் வைக்காததை. காலையில் பேசியது அந்த அம்மா பெயரைக் காப்பாற்ற இல்லை, தன் பெயருக்காக என்பதையும் சொன்னார். 

மருயாமா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.  அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போனதை நான் பார்த்தேன். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. எதிரில் உட்கார முடியவில்லை எனக்கு.

கடைசியில், "இனிக்கிறதா?" என்று கேட்டார்.

"இனிக்குது" என்று தமிழிலேயே சொன்னார் என் வீட்டுக்காரர். மருயாமாவுக்கு அது புரிந்தது.

"இன்னொன்று சாப்பிடுங்கள்."

என் வீட்டுக்காரர் இன்னொன்றை எடுத்துச் சாப்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து பழத்தின் மேலேயே விழுந்தது. சின்னப் பிள்ளைபோல அழுதுகொண்டே மென்றார். மருயாமா அவர் விழுங்குகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டார் என்று அவளிடம் சொல்வேன்" என்றார். "எப்போது என்று சொல்ல மாட்டேன்."

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. அவர் வாசலில் நின்று எனக்குத் தனியாகக் குனிந்து, சாப்பாடு ரொம்ப நன்றாக இருந்தது என்று மறுபடியும் சொன்னார். ஏறும்போது வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கு இருந்த மனநிலையில் அது ஏன் என்று யோசிக்கத் தோன்றவில்லை. ஜீப் தெருமுனை திரும்புகிறவரை வாசலிலேயே நின்றேன். எதிர்வீட்டில் யாரோ, "என்ன ஜப்பான் சார் வீட்டம்மா, விருந்தெல்லாம் தடபுடலா?" என்று கேட்டார்கள். விறுவிறுவென்று உள்ளே வந்தேன்.

வந்து பார்த்தால், ஒரு நாளும் இலை எடுத்தறியாத மனிதர், பாயில் உட்கார்ந்து மருயாமாவின் இலையை எடுக்கப் பார்க்கிறார். என் மேல் இருந்த பயமோ, தன் மேல் இருந்த வெறுப்போ தெரியவில்லை. எடுத்த வேகத்தில் மடிப்பு பிரிந்துகொண்டது. அப்படியே கையில் வைத்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்துவிட்டார்.

"மேரி, இங்க வா."

போய்ப் பார்த்தேன். இலையில் கெண்டை முள் மட்டும் ஓரமாக வரிசையாக அடுக்கியிருந்தது. மீன் சாப்பிட மருயாமாவுக்குத் தெரியும். வேறு ஒன்றுமே இல்லை. கறிவேப்பிலை இல்லை. சாம்பாரில் போட்ட வற்றல் மிளகாய் இல்லை. மோர் மிளகாயின் காம்புகூட இல்லை. பக்கத்தில் என் வீட்டுக்காரர் இலையில் மென்று துப்பிய முருங்கைச் சக்கை குவியலாகக் கிடந்தது. இந்த இலையில் ஒரு நார்கூட இல்லை. போட்டதையெல்லாம் விழுங்கியிருக்கிறார். எதை மெல்ல வேண்டும், எதைத் துப்ப வேண்டும் என்று அவருக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் அந்த இலையைக் கீழே வைக்கவும் இல்லை, என்னிடம் கொடுக்கவும் இல்லை.

"நான் பக்கத்துலதானே மேரி உட்கார்ந்திருந்தேன்" என்றார்.